குப்பை அறையைப் பற்றிச் சொன்னவர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் துப்புரவுக் குத்தகைக்காக நிர்வாக அலுவலகத்தில் காத்திருந்தேன். அதுவரை அந்தக் குத்தகையை வைத்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத ஓர் அக்காவும் அதைப் புதுப்பிக்க வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நரையை மறைக்காத முடி, தேய்த்த நீலச் சட்டை. நாற்காலிக் கையை விரலால் தடவித் தூசி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, குப்ப ரூம பாத்தீங்களா?" என்றார் திடீரென்று.

"இல்லக்கா."

"பேஸ்மென்ட்ல இருக்கு. மழ பெஞ்சா தண்ணி ஏறிடும். மேனேஜர் அதத்தான் மொதல்ல கேப்பாரு. சொந்தமா பம்ப் கொண்டு வரேன்னு சொல்லுங்க லா."

மேலாளர் அதையேதான் கேட்டார். அக்கா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். குத்தகை எனக்குக் கிடைத்தது.

சாவிகளை ஒப்படைக்க வந்தவரிடம், "ஏன்க்கா எனக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒங்ககிட்ட சொன்னப்புறம்தான், நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு தம்பி," என்று சிரித்தார்.

அது மறதியா, சலிப்பா, என்மேல் இரக்கமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதன்பின் எத்தனையோ அலுவலகங்களில் போட்டிக்கு வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.