மாஸ்க் போட்ட வருஷங்கள்

ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்ட நாளில், புதுவாயல் ஏஞ்சலுக்கு மட்டும் நெஞ்சை அடைத்தது. கொரோனாவை யாராவது ஏக்கத்தோடு நினைப்பார்களா? ஏஞ்சல் நினைப்பாள். அந்த இரண்டு வருஷத்தைப் போல நல்ல காலம் தனக்கு வந்ததே இல்லை என்று இப்போதும் சொல்வாள். கேட்பவர்கள் முறைப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

பத்தொன்பது வயதில் மேலுதட்டோரம் மிளகளவு வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. தேமல் என்று அம்மா ரோசம்மாள் மஞ்சளை அரைத்துப் பூசினாள். அது மஞ்சளுக்கு அடங்கவில்லை. ஒரே வருஷத்தில் வாயைச் சுற்றிப் படர்ந்து மோவாய் வரைக்கும் இறங்கிவிட்டது. வெண்படைதான், யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது தெருவின் காதில்தான் விழவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்களும் காபியைத் தொடாமலே எழுந்தார்கள். மூன்றாவது தடவை ஆறிப்போன காபியை வாசலில் ஊற்றிவிட்டு, "இனிமே நம்ம ஊட்டுக்கு எவனும் வரத் தேவல, உடு" என்றாள் ரோசம்மாள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஊசி போடும் சிரிஞ்சு செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. உள்ளே தூசி ஆகாது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், மேலே வெள்ளைக் கோட்டு. பொட்டு, பவுடர், பூ, வளையல் எதற்கும் அனுமதி இல்லை. மற்ற பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். ஏஞ்சலுக்கோ அந்த எட்டு மணி நேரம்தான் வாழ்க்கை. அங்கே அழகியும் கிடையாது, அவலட்சணமும் கிடையாது. வெளியே வந்ததும் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்காருவாள். சூப்பர்வைசர் பதவி இரண்டு தடவை அவளைத் தேடி வந்தது. கோட்டு மாஸ்க் இல்லாமல் ஆபீஸில் உட்கார வேண்டும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்புறம் கொரோனா வந்தது. செத்தவர்களுக்காக ஜெபக் கூட்டத்தில் அழுதவள்தான் அவளும். ஆனாலும் உலகமே வாயை மூடிக்கொண்ட பிறகு, இவளுக்கு வாய் திறந்துவிட்டது. பூப்போட்ட துணியில் ஆறு மாஸ்க் தைத்தாள். பதினாறு வருஷமாக ஊமை மாதிரி வந்தவள், கம்பெனி வேனில் மேனேஜர் மாதிரி பேசிக் காட்டினாள். வேன் குலுங்கிச் சிரித்தது. ஓட்டுகிற ரகு, "அக்கா, கொஞ்சம் நிறுத்துக்கா, வண்டியப் பள்ளத்துல உட்ருவேன்" என்பான். பக்கத்து சீட்டில் ஜோதிலட்சுமி. கடம்பத்தூர்ப் பெண், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். சிரித்துச் சிரித்து ஏஞ்சலின் தோளிலேயே சாய்வாள். ஏஞ்சலின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள். ஏஞ்சல் சளி என்றாள், தூசி என்றாள், ஒரு வருஷம் ஓட்டினாள்.

ஜோதிலட்சுமிக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகையைக் கையில் திணித்து, "அக்கா, தாலி கட்டுறத பாத்துக்கினு ஓடிராத. பந்தியில உக்காந்து சாப்ட்டுதான் போவணும். நீ சாப்ட்டு நான் பாத்ததே இல்ல" என்றாள்.

சோறு தின்ன மாஸ்க்கைக் கழற்றியாக வேண்டும். தோளில் சாய்ந்தவள் நாளைக்கு நகர்ந்து உட்கார்ந்தால்? ஏஞ்சலுக்கு இரண்டு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. போகாமலே இருந்துவிடலாம் என்று பத்துத் தடவை நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் ஏங்கிப்போவாளே.

போனாள். இலை போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்த பட்டுப்புடவைக்காரி ஒரு பார்வை பார்த்தாள். ஃபேன் காற்று வரவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்து எதிர்வரிசைக்குப் போனாள். ஏஞ்சலின் கால்களும் பழக்கத்தில் எழப் பார்த்தன. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் தாமதமாக வந்த கோபம்.

"அண்ணே, இங்க ஒரு எடம் காலியா கீது. பசியோட இருக்கறவங்கள அனுப்புங்க" என்று பரிமாறுகிறவரிடம் உரக்கச் சொன்னாள்.

"ஏஞ்சல் அக்கா கொரலாச்சே" என்று கடைசி வரிசையிலிருந்து ரகு எழுந்து வந்தான். காலி இடத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை நன்றாகவே பார்த்தான். "இத மறைக்கத்தான் சளி, சளின்னுகினு இருந்தியா?"

"ஆமா."

"இன்னாக்கா நீ, பேஜாரு. உன் எலையில கீற கூட்ட இப்படித் தள்ளு."

மாலையும் கழுத்துமாக ஜோதிலட்சுமி பந்தியைப் பார்க்க வந்தாள். ஏஞ்சலின் எதிரே நின்றாள். ஏஞ்சல் பார்வையை இலைக்கு இறக்கினாள். ஜோதிலட்சுமி குனிந்து, மருதாணிக் கையால் அந்த வெள்ளை மோவாயைப் பிடித்தாள்.

"இந்த வாய்தானா அம்மாம் பேச்சு பேசுச்சி?"

ஏஞ்சலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் மாஸ்க்குக்காக ஏங்குவதாக நினைத்திருந்தாள். அவள் ஏங்கியது அந்த வேன் சிரிப்புக்கு.

எந்தப் பந்தியிலும் பாதி இலையோடு எழுந்தே பழகியவள், அன்றைக்குப் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.