அண்ணி கொடுக்காத செருப்பு

இந்த ஊரில் ஒருவன் அழுதால், சுற்றி இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆம்பூரில் ரயிலேறி அழுது பாருங்கள், குடியாத்தம் வருவதற்குள் பெட்டி முழுக்க உங்கள் குடும்பக் கதை தெரிந்துவிடும். லண்டன் டிராமில் ஒரு நாவலை மடியில் வைத்துக்கொண்டு நான் தேம்பியபோது, எதிரே இருந்த கனவான் கடைகளின் பெயர்ப்பலகைகளை அத்தனை அக்கறையாகப் படித்துக்கொண்டு வந்தார்.

நாவலைத் தந்தவர் மிஸஸ் கோல். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள்; ஒரே மகனைப் பெரிய யுத்தத்தில் பறிகொடுத்தவர். ஆம்பூரிலிருந்து வரும் தோல்களை இங்குள்ள கிடங்கில் தரம் பிரிக்கிற எனக்கு ஆங்கிலம் பழகட்டும் என்று கொடுத்தார். சண்டைக்குப் போன காதலனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். அவன் இறந்த செய்தி வருகிறது. அவனுடைய பூட்ஸைத் துடைத்து, வெறுங்காலோடு வந்த வேறொரு சிப்பாய்க்குக் கொடுத்துவிடுகிறாள். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் அண்ணன் அதே யுத்தத்தில் சேணம் தைக்கப் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போனவர். கடிதம் நின்றுபோயிற்று. காய்ச்சலில் போய்விட்டார் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். இறந்தவர் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா அழுதுகொண்டே சட்டை, லுங்கி எல்லாவற்றையும் ஒரு ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டார். அண்ணன் தன் கையால் தைத்த செருப்பை மட்டும் அண்ணி விடவில்லை.

"மையத்த நீங்க பாத்தீங்களா மாமி? இதையும் குடுத்துட்டா, வந்து எதப் போட்டுக்குவாரு?"

உடலைக் கண்ணால் பார்க்காமல் அண்ணி நம்புவதாக இல்லை. ஒரு மழைக்காலப் பகலில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். வீட்டிலிருந்த எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தோம்.

"இன்னா எல்லாரும் இப்டி பாக்குறீங்க? மொதல்ல ஒரு லுங்கி குடுங்க," என்றார் அண்ணன்.

லுங்கிக்கு எங்கே போவது? என்னுடையதைக் கட்டிக்கொண்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

டிராமிலிருந்து இறங்கி வீடு சேர்ந்தபோது, வீங்கிய என் கண்களைப் பார்த்தார் மிஸஸ் கோல். தேநீர் ஊற்றிக் கொடுத்து, யுத்தத்தில் யாரை இழந்தாய் என்று கேட்டார். அண்ணன் என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவனுடைய ஒரு சட்டையைக்கூட வைத்துக்கொள்ளாமல் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். இவரிடம் போய் என் அண்ணன் தொந்தி வைத்து, ஆட்களை அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் ஒரு கோப்பைத் தேநீருக்காக உயிரோடிருப்பவரை அடக்கம் செய்ய மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

கையை எடுத்துக்கொண்டார். வேறு அறை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வீடு வந்ததும் உன் அண்ணன் முதலில் என்ன கேட்டார் என்று விசாரித்தார். லுங்கிக் கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நல்லது. உன் தாயின் பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்," என்றார் நிறைவாக.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். மூத்தவர் ஆம்பூரில் இருக்கிறார். இளையவனுக்கு லண்டனில் மிஸஸ் கோல் இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.