சோடா குடித்த கோழிகள்

இரண்டு முட்டைகளை இடது காதருகே கொண்டுபோய் ஒன்றோடொன்று மெல்லத் தட்டுகிறாள் ஒப்தூலியா காசில்லாஸ். ணங்கென்றால் கூடைக்கு. டொக்கென்றால் ஓட்டில் கீறல்; தலையை ஆட்டிவிட்டுக் காலடியில் இருக்கும் வாளிக்கு. ஒரு மணி நேரத்தில் நானூறு முட்டை கேட்டுவிடுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. "வாயை மூடு, கேஸ் போயிடப் போவுது!" என்று ஒரு அதட்டல் விழும். பாதிரியாருக்கும் அதே அதட்டல்தான்.

இந்தக் 'கேஸ்' அவளுடைய பழைய பிழைப்பின் மிச்சம். தேப்பா ஊரில் கோழி வேலைக்குப் போகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தியாக இருபத்திரண்டு வருஷம் ஒரு சோடா கம்பெனியில் புட்டி நிரப்பினாள். கம்பெனியை மூடியபோது ஆளாளுக்கு நாற்காலி, கடிகாரம், மின்விசிறி என்று தூக்கிப் போனார்கள். இவள் ஆளுயரக் கரியமில வாயுச் சிலிண்டரையும் தண்ணீரில் அந்தக் கேஸை ஏற்றும் இயந்திரத்தையும் வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "இரும்பைக் கட்டிக்கிட்டு அழு" என்று ஊர் சிரித்தது. அப்புறம் கணவர் காலமானார். அவர் பங்குக் கோழிக் கொட்டகை இவள் தலையில் விழுந்தது. மறு பங்கு கொழுந்தன் நிக்கானோருக்கு.

நிக்கானோர் நல்லவன்தான். ஆனால் சுண்ணாம்பை மிஞ்சிய மருந்து உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவன். மே மாத வெயிலில் முட்டை ஓடு மெலிந்து, கைபட்டாலே விரிசல் விட ஆரம்பித்தால், தீவனத்தில் இன்னும் இரண்டு மூட்டை கிளிஞ்சல் தூளைக் கொட்டுவான். ஊர் முழுக்கச் செய்வது அதுதான். இந்த வருஷம் கொட்டிக் கொட்டிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், ஓடு தேறவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்து நின்றான். "கிழடு தட்டிப்போச்சு அண்ணி. சனிக்கிழமை கறிக்காரரை வரச் சொல்லிட்டேன். ஆயிரத்து இருநூறும் சூப்புக்குத்தான்."

கோழிகள் ஒப்தூலியாவுக்குப் பிள்ளைகள் மாதிரி என்று எழுதினால் அவளே காறித் துப்புவாள். ஆனால் கொட்டகை காலியானால் மகள் வீட்டு அடுப்படியில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அறுபத்தோரு வயதில் இன்னொருத்தியைக் கேட்டு வெங்காயம் நறுக்குவதா? நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயசு இல்லடா, வெயில்! பாரு, ஒண்ணு விடாம வாயைப் பொளந்துகிட்டு இரைக்குது."

"இரைச்சா என்னவாம்?"

"மூடி தெறந்த சோடா புட்டிதான். மேல இருக்கற கேஸ் போவப் போவ, தண்ணியில கரைஞ்சு கெடக்கறதும் கேஸா மாறி வெளிய ஓடும். மூடுனா நின்னுக்கும். கோழி ரத்தத்துலயும் அதே கேஸ்தான் கரைஞ்சு கெடக்கு. அதோட சுண்ணாம்பு சேந்தாத்தான் ஓடு. நீ சுண்ணாம்பை மூட்டை மூட்டையா கொட்டற. அதுக்குச் சோடியான கேஸ் மூச்சு வழியா போயிக்கிட்டே இருக்கு."

"அப்ப கோழி வாய்க்கெல்லாம் மூடி போடப் போறீங்களா?"

"போறதை நிறுத்த முடியாது. போற அளவுக்குச் சோடாவா உள்ள தள்ளுவேன். தள்ளுனா தானா ரத்தத்துல மறுபடி கரைஞ்சுக்கும்."

அன்று மத்தியானமே சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கொட்டகையின் இடது வரிசைத் தொட்டிகளில் குளிர்ந்த சோடா, வலது வரிசையில் வெறும் தண்ணீர். எல்லாம் ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து வந்த கோழிகள், ஒரே தீவனம். எல்லாவற்றுக்குமே கொடுத்தால் என்ன என்று நிக்கானோர் கேட்டான். "அப்புறம் எதுனால தேறிச்சுன்னு எவன் ஒத்துப்பான்? நீயா?" என்றாள். சூட்டில் கேஸ் தண்ணீரில் தங்காது. அதனால் மணிக்கொரு தடவை தொட்டியைக் கவிழ்த்து, புதுச் சோடா ஊற்றி, ஐஸ்கட்டி போட்டாள். கோழிகள் முதலில் அலகை உதறின, பிறகு விட்டால் போதுமென்று குடித்தன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எலுமிச்சம்பழமும் பிழிஞ்சு குடேன்!" என்று ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டுக்குச் சுட்ட சோள ரொட்டிகளை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கறிக்காரர் எவாரிஸ்தோ லாரி நிறையக் காலிக் கூண்டுகளோடு வந்து ஓர் அடுக்கை இறக்கினார். ஒப்தூலியா ஏற்கெனவே இரண்டு தொட்டித் தண்ணீரில் உப்புக் கரைத்து வைத்திருந்தாள். புது முட்டையில் ஓடு கனத்தால் மூழ்கும், மெலிந்தால் மிதக்கும். இது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று காலை இட்டதில் வரிசைக்கு ஐம்பது எண்ணிப் போட்டாள். வலது வரிசையில் முப்பத்தாறு மிதந்தன. இடது வரிசையில் ஒன்பது.

நிக்கானோர் அந்த ஒன்பதையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். விட்டதும் மேலே வந்தன. மற்ற நாற்பத்தொன்றும் அடியில் அசையாமல் கிடந்தன.

"ரெண்டு வரிசையும் ஒரே வயசுதானே..." என்று இழுத்தான்.

"அதைத்தான்டா செவ்வாய்க்கிழமையிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்!"

"வலது வரிசையை மட்டுமாவது ஏத்திடலாமா அண்ணி? வந்தவரைச் சும்மா அனுப்பறதா?"

"அதுக்கும் இன்னிக்கே சோடா."

எவாரிஸ்தோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ஒப்தூலியா அம்மா, எத்தனை ஏத்தறதுன்னு சொல்லுங்க, நான் கெளம்பணும்" என்றார்.

ஒப்தூலியா அவரைத் தாண்டிப் போய், அடுக்கின் உச்சியில் இருந்த கூண்டை எடுத்தாள். அதன் கதவு தரையில் படும்படி கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் நன்றாக அமர்ந்து, இடது காலின் பூட்ஸைக் கழற்றி, உள்ளே போயிருந்த மக்காச்சோளத்தை நிதானமாக உதறிக் கொட்டினாள்.