பொங்கிய பாலைத் துடைத்த கயல்

இரண்டு வயது வாசகருக்குப் புத்தகம் செய்வது, கடை திறக்கும் முன்பே புகாரோடு வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் வியாபாரம் செய்வது போன்றது. பிள்ளையை மடியில் வைத்துப் படம் காட்டிய உங்களுக்கு இது தெரியும். பத்திரிகையில் பல ஆண்டுகள் சிறுவர் பக்கம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாலை போட்ட மாடு

பொங்கலைப் பற்றித் தமிழிலும் மலாயிலும் ஒரு படப்புத்தகம் எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பிரதியோடு புக்கிட் செலம்பாவுக்குப் போனேன். அங்கே காக் மா (மா அக்கா) என்ற மலாய்ப் பெண் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பகலில் அவரிடம் வளர்பவள் கயல், இரண்டரை வயது. அவள் அம்மா செல்விக்குத் தொழிற்சாலை வேலை. "எல்லாம் மலாய்தான் பேசுறா ஆன்ட்டி. நல்லதுதான். ஆனா இந்தப் பொங்கலுக்காவது எங்களோட சேர்ந்து கத்தணும்லா" என்று செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள்.

மாட்டுப் பொங்கல் படத்தைக் காட்டினேன். கொம்பில் வண்ணம், கழுத்தில் மாலை. நன்றி, உழவு என்று நான் எழுதிய நான்கு வரிகளையும் கயல் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மாட்டைத் தொட்டுக் கேட்டாள்: "லெம்பு பர்த்டேயா?" மாட்டுக்குப் பிறந்தநாளா என்று.

பானைப் பக்கம்

அடுத்த பக்கத்தில் பால் பொங்கி வழிகிறது. "தும்பா!" என்று அலறினாள். சிந்திவிட்டதாம். உள்ளே ஓடித் துணி எடுத்துவந்து படத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். பால் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்பது காக் மா வீட்டுச் சட்டம்.

"சிந்தலம்மா, பொங்குது" என்றேன். அவள் கேட்கவில்லை. யார் செய்த வேலை இது என்று என்னை நிமிர்ந்து பார்த்து மலாயில் விசாரித்தாள்: "சியாபா புவாட்?"

முகங்கள்

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தேன். பானையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைகூப்பி, வாயை மூடி, கவலையாக இருந்தார்கள். பால் சிந்தியது நல்லதா கெட்டதா என்று பிள்ளை பெரியவர்கள் முகத்தில்தானே பார்க்கும்? ஓவியரிடம் சொல்லி வாயைத் திறக்க வைத்தேன், கைகளைத் தூக்க வைத்தேன்.

மாற்றிய படத்தோடு மறுபடி போனபோது காக் மா இன்னொன்று கேட்டார்: தமிழ் வரிகளை, மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்திலும் போட்டால் அவரே தினமும் வாசித்துக் காட்டுவாராம். தமிழைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவள் நான். பிள்ளையை அழைத்துப்போக வந்த செல்வி என்னைத் தனியே அழைத்தாள். "போடுங்க ஆன்ட்டி. நானும் மலாய்ப் பள்ளிதான். எனக்கும் அதுதான் வாசிக்க வரும்." போட்டேன்; காக் மாவும் சொன்னபடி தினமும் வாசித்துக் காட்டினார்.

பொங்கலன்று

செல்வி வீட்டு வாசலில் அடுப்பு. காக் மாவும் வந்திருந்தார். பால் ஏறியது, வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் கத்தினோம், காக் மாவின் குரல்தான் பெரிது. கயல் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வி முகத்தை மறைக்கக் குனிந்து, தணிக்க வேண்டாத அடுப்பைத் தணித்தாள்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் பால் பொங்கியது. கயல் வேலியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க, "பொங்கலோ பொங்கல்!" என்று தனியாகக் கத்தினாள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "நம்ம பானைய விட்டுட்டு அடுத்த வீட்டுப் பானைக்குக் கத்துறாளே ஆன்ட்டி!"

பண்பாட்டைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதுவரைதான் நம் வேலை. அதை எந்த வீட்டு வேலியில் நின்று செலவழிப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.