பூசாத படை

ஓய்வு பெற்றதும் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே அவர் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினார். ஓய்வும் பெற்றார். கையில் பணம் வந்த வாரமே போய் இன்னொரு அலமாரி வாங்கி வந்தார்.

உள்ளறை பூராவும் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயரத்தில் பொம்மை வீரர்கள். துப்பாக்கிக்காரன், பீரங்கிக்காரன், முரசடிப்பவன், குதிரையேறியவன் என்று ஒரு ராஜ்ஜியத்தையே பிடிக்கும் அளவுக்குப் படை. சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, அடிப்பூச்சுப் பூசி, ஊசிமுனைத் தூரிகையால் பொத்தான் பொத்தானாக வண்ணம் தீட்ட வேண்டும். அதற்குத்தான் அவை விற்கின்றன. அதற்குத்தான் அவரும் வாங்கினார். ஆனால் தீட்டி முடித்தவை ஒரு கைப்பிடிதான் தேறும், அதுவும் கல்யாணமான புதிதில் செய்தவை. மிச்சப் படை பெட்டிக்குள் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

அவர் மனைவிக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். குடிநீர் வாரியத்தில் தட்டச்சராக இருந்தவள். ஒரு தாளை அடித்து முடிக்காமல் அடுத்த தாளைத் தொட்டு அறியாதவள்.

"பொம்மைக்கு அறையைக் குடுத்துட்டு மனுஷங்க ஹால்ல படுக்கிறோம். வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்பாள்.

"நல்ல வெளிச்சம் வேணும். மனசும் கூடி வரணும். சும்மா எடுத்து அப்பிட முடியுமா?" என்பார் அவர்.

வெளிச்சமாவது, மனசாவது. பயம், வேறென்ன. அவர் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு மனிதர் வாயைத் திறந்து காட்டினால் போதும், பக்கத்துப் பல்லின் நிறத்தை அப்படியே கலந்துவிடுவார். கட்டின பல் எது, சொந்தப் பல் எது என்று டாக்டரே தடவித்தான் பார்க்க வேண்டும். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தன் கை செய்வது எதுவும் பிடிக்காமல் போய்விட்டது. பூசாமல் வைத்திருக்கும்வரை எந்த வீரனும் கெட்டுப்போவதில்லை, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பொம்மைக் கடையின் பின்கட்டில் இவரைப் போலவே நரைத்த நாலைந்து பேர் கூடுவார்கள். யாரும் எதையும் பூசுவதில்லை. பூசப்போவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியையே மறந்துபோய் மறுபடி வாங்கி வந்தவனுக்கு "இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கு" என்று கை தட்டுவார்கள். தகப்பன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். பெட்டிகள் அவ்வளவு இருந்தால் யாருக்குத்தான் மறக்காது? எல்லோரும் ஒரு தடவையாவது டீ வாங்கிக் கொடுத்தவர்கள்தான்.

ஒரு நாள் உள்ளறையில் தூசி தட்டப் போன மனைவி, கொடி பிடித்த குதிரைவீரன் பெட்டி ஒன்றைப் பார்த்தாள். அதன் பின்னால் அதே பெட்டி. கட்டிலடியில் இன்னொன்று. துணி அலமாரியில் அவள் புடவைகளுக்கு நடுவே பிரிக்காத உறையோடு நாலாவது.

முதலில் எள்ளும் கொள்ளும் வெடித்தது அவள் முகத்தில். "ஏங்க, ஒரே குதிரையை எத்தனை தடவை வாங்குவீங்க?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, நம்மகிட்ட இருக்கா இது? ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்."

அதைக் கேட்டதும் அவள் கோபம் அடங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே அவர் குளித்துவிட்டு வந்து மறுபடி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவதும், மகளிடம் போனில் கேட்டதையே திரும்பக் கேட்பதும் அவள் கண்ணில் படாமல் இல்லை. மனசு கேட்காமல், ஞாயிற்றுக் கூட்டத்தில் அவருக்கு மிக நெருக்கமான பஸ்காரரின் வீட்டுக்கு நடந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கா தங்கச்சி இப்படி முகம் வாடி வந்தே? எங்கிட்ட ஒரே பீரங்கி மூணு கிடக்கு. எங்க கூட்டத்துல இது சகஜம்மா. ஆளுக்கு வயசாகலை, அலமாரிக்குத்தான் வயசாகுது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பைத்தியம் பிடித்துப் பொம்மை வாங்கும் புருஷன் போதும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அன்று வீட்டுக்கு வந்து ஆசை தீர அவரைத் திட்டினாள். அதற்குப் பிறகு அவர் எதை மறந்தாலும் "தலைக்குள்ள பூராவும் குதிரை ஓடுது" என்று சொல்லிப் பூசி மெழுகினாள். அடுப்பை அணைக்க மறந்தபோதும் அதையே சொன்னாள். அப்படியே ஒரு வருடத்துக்கும் மேல் போய்விட்டது.

பொம்மைக் கடைக்காரர்தான் கல்லைத் தூக்கிப் போட்டார். வீட்டு வாசல்வரை வந்தவர் உள்ளே வரமாட்டேன் என்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் இந்த வாரம் தினமும் வந்தார். தினமும் அதே கொடிக்காரப் பெட்டியைத்தான் கேட்டார். முதல் நாள் சிரிச்சுட்டுக் குடுத்துட்டேன். அடுத்த நாளும் குடுத்துட்டேன். இன்னைக்கு ஸ்டாக் இல்லைன்னு பொய் சொல்லி அனுப்பினேன். கடையை விட்டு இறங்கினவருக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலை. நான்தான் தெருமுனைவரைக்கும் கொண்டுவந்து விட்டேன்."

அவள் பஸ்காரரிடம் மறுபடி போனாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சும்மா."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"அவனுக்கு அது வியாதின்னா, அப்ப எனக்கு இருக்கறது என்ன தங்கச்சி? எங்கிட்டயும் மூணு பீரங்கி இருக்கே."

அவரைத் திட்டத்தான் போயிருந்தாள். திட்டாமலே எழுந்து வந்தாள்.

புருஷனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். புருஷன் தேதியைத் தவறாகச் சொன்னார், மாதத்தைத் தவறாகச் சொன்னார். டாக்டரின் முன்பல் உறையில் மஞ்சள் ஒரு சாயல் கூடிவிட்டது என்று மட்டும் கேட்காமலே சொன்னார். அது உண்மை என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இது திரும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார்.

கைக்கு வேலைக்கா அந்த வீட்டில் பஞ்சம்? ஜன்னலோரம் மேசை போட்டாள். கொடிக்காரனைத் தானே கத்தரித்து எடுத்து, வண்ணங்களையும் தூரிகைகளையும் புதிதாக வாங்கி வைத்தாள். அவரும் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தார். அவ்வளவு காலம் இருந்த பயமும் மறந்துவிட்டது போலிருக்கிறது. முதல் நாள் வெள்ளை அடிப்பூச்சு. அது காய்ந்ததும் சட்டைக்குச் சிவப்பு, குதிரைக்குப் பழுப்பு. கை கொஞ்சம் ஆடியது, கோடு கொஞ்சம் தாண்டியது. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா ஆரம்பிச்சுட்டார்டி" என்றாள்.

மறுநாள் காலை அவர் மேசையில் உட்கார்ந்தார். அடிப்பூச்சு டப்பாவைத் திறந்தார். சிவப்பின் மேலும் பழுப்பின் மேலும் வெள்ளையைப் பூசினார். அதற்கு மறுநாளும் அதுவே.

வேறு வீரனை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள்; ஓரமாக வைத்துவிட்டார். கொடிக்காரனை ஒளித்து வைத்துப் பார்த்தாள். பகல் முழுக்கப் பாயைப் புரட்டியும் சட்டைப் பைகளைத் துழாவியும் தேடினார், சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம் அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஏறிக்கொண்டே போனது. பொத்தான்கள் மூடின. விரல்கள் ஒன்றாகின. மகள் போனில், "முடிச்சுட்டாராம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "பொறுமையா செய்யறார்" என்றாள்.

ஒரு காலையில் அவர் தூரிகையைத் தொடாமல் பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"ஏங்க?"

"முகத்தைப் பாரு. கண்ணு எங்க, மூக்கு எங்க? பெயிண்ட் மேல பெயிண்டா அப்பி வெச்சிருக்கு. கை நிக்கலை ஆளுக்கு."

மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். "யாரோ ஒரு பெரியவர்ங்க. ஆசையா செஞ்சுட்டிருக்கார்."

அவர் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. உண்மையாகவே வருத்தம்தான் இருந்தது.

"பாவம். நல்லா இருந்த பொம்மை. வீட்டுல இருக்கறவங்க எடுத்துச் சொல்லக்கூடாதா அவருக்கு?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். பொம்மையை மேசையில் வைத்துவிட்டு அவர் அடிப்பூச்சு டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார்.