அக்கா ஏன் நோட்பேடை விடவில்லை

எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை நிலத்துக்காகவோ நகைக்காகவோ நடந்ததல்ல. கம்ப்யூட்டரில் புரோகிராமை எதில் எழுதுவது என்பதற்காக நடந்தது. கடியப்பட்டணத்தில் இந்தக் காரணத்துக்காக அடித்துக்கொண்ட வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் அம்மாவின் தம்பி, மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மாமா. மறுபக்கம் என் அக்கா. நடுவில், எந்தக் கட்சியில் சேருவதென்று தெரியாமல், ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்.

அக்கா அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். லீவில் வந்த மாமா, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இருந்த தன் கூட்டுக்காரரிடம் சொல்லி அவளுக்கு ஒரு தேர்வுக்கு ஏற்பாடு செய்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு புரோகிராம் எழுதச் சொல்வார்களாம். எழுதிவிட்டால் வேலை. இல்லையென்றால் கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பதென்று அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். குளச்சலில் ஒரு மாப்பிள்ளை வீடு ஏற்கெனவே காத்திருந்தது. அக்காவுக்கு வேலைதான் வேண்டும். சாப்பிடும்போதும் அதைத்தான் சொன்னாள், கோயிலுக்குப் போகும் வழியிலும் அதைத்தான் சொன்னாள்.

மாமா வந்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய சாஃப்ட்வேரை ஏற்றினார். ஐடிஇ என்றார். எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, தப்பு கண்டுபிடிப்பது எல்லாம் அந்த ஒரே ஜன்னலுக்குள் நடக்கும். அது திறந்து முடிப்பதற்குள் அம்மா சோறு வடித்துவிடுவாள் என்பது வேறு விஷயம். ஆனால் திறந்தபிறகு எனக்கு அது திருவிழாக் கடை மாதிரி இருந்தது. சில சொற்கள் நீலத்தில், சில பச்சையில். தப்பாக எழுதினால் அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு. ஒரு புள்ளி வைத்தால் போதும், அடுத்து என்னவெல்லாம் எழுதலாம் என்று ஒரு பட்டியல் தானாகவே இறங்கி வரும். இப்படி ஒன்று பரீட்சைத் தாளில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரோடு சும்மா வரும் நோட்பேடில் இதெல்லாம் ஒன்றும் கிடையாது. வெள்ளையாக ஒரு பக்கம், கறுப்பாக எழுத்து, அவ்வளவுதான். எழுதி முடித்து, சேமித்து, வேறொரு ஜன்னலைத் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் திரும்பவும் நோட்பேடுக்கு வந்து வரிவரியாகத் தேட வேண்டும். அக்கா இதைத்தான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, ஊருல எல்லாவனும் வள்ளத்துல எஞ்சின் மாட்டியாச்சு. நீ இன்னும் துடுப்பு போடுகேன்னு நிக்கியா?” என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார். வள்ளம் என்றதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம், அவர் கடலுக்குப் போகிறவர். “ரெண்டும் வள்ளத்துல கெடந்தா என்னவாம்?” என்று சொல்லிவிட்டு அவர் சாளை மீனின் முள்ளை எடுப்பதில் கவனமாகிவிட்டார். யார் கட்சியும் சேராமல் சாப்பிட்டு எழுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

என்னைக் குடைந்தது வேறொன்று. அக்கா ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். மாமாவிடம், எல்லாவற்றையும் அதுவே எடுத்துக் கொடுத்தால் மூளை மழுங்கிவிடும் என்றாள். அப்பாவிடம், உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கும் இந்தப் பெட்டி அவ்வளவு பெரிய சாஃப்ட்வேரைத் தாங்காது என்றாள். அம்மாவிடம், அது திறப்பதற்குள் கரண்டு போய்விடுகிறது என்றாள். எல்லாமே உண்மைதான். ஆனால் எனக்கு இதில் அனுபவம் உண்டு. நிஜமாகவே வயிறு வலிக்கும் நாளில் வயிற்றுவலி என்று மட்டும்தான் சொல்வேன். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாளில்தான் தலைவலியையும் கால்குடைச்சலையும் கூடச் சேர்ப்பேன். அக்கா எதையோ மறைக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து துப்புத் துலக்கும் வேலையில் இறங்கினேன். அவள் எழுதும்போது பின்னால் போய் நின்றுகொள்வேன். நோட்பேடில் அவளுடைய எழுத்து வளர்ந்துகொண்டே போவதை முதலில் கண்டுபிடித்தேன். கல்லூரி முடித்து வந்தபோது சாதாரணமாக இருந்தது, மாமா வந்த சமயத்தில் கல்யாண வீட்டு பேனர் எழுத்து மாதிரி ஆகியிருந்தது. ஒரு வரி முழுதாகத் திரையில் அடங்காது. கேட்டால், பெரிதாக இருந்தால்தான் தப்பு தெரியும் என்றாள். நோட்பேடின் குணமே அப்படி, பிள்ளைகள் வளர்வதுபோல அதில் எழுத்தும் வளரும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஐடிஇயிலும் எழுத்தைப் பெரிதாக்கலாம்தான். ஆனால் அந்தப் பட்டியலும் ஓரத்துப் பெட்டிகளும் பொடிப்பொடியாகவே நின்றன.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அக்கா கம்ப்யூட்டரை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அதனோடு பிணங்கியவள் மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். மனிதர்களிடமும் அப்படித்தான். கோயில் முற்றத்தில் எதிரே வந்து சிரிக்கும் பெண்களைக் கண்டும் காணாததுமாக நடந்துவிடுவாள். படித்த பவுசு என்று ஊரில் பேசினார்கள். அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். எனக்கென்னவோ உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. நானும் பெரியவளானதும் இப்படித்தான் நடப்பேன் என்று கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்தேன்.

மாமா கடைசியில் ஒரு காரியம் செய்தார். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்பேடை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து தேடியவளிடம், “அது செத்துப்போச்சு மக்கா, அடக்கமும் முடிஞ்சு” என்றார். அக்கா சிரிக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவும் இல்லை. மாமா எழுந்து போகும் வரை தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, இங்க வந்து இரி. உனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமான்னு பாப்போம். அந்த லிஸ்டுல என்னெல்லாம் கெடக்கு, சத்தமா வாசி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இறங்கி வரும் சொற்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் கடித்துத் துப்பியதைக் கேட்டுச் சிரிப்பாள், வேண்டிய சொல் வந்ததும் அதுதான் என்று நிறுத்துவாள். சிவப்புக் கோடு எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று சொல்வதும் என் பொறுப்பு. சில நாளிலேயே எங்கள் இருவருக்கும் நன்றாகப் பழகிவிட்டது. அவளுடைய கையும் வேகம் பிடித்தது. வாசலில் நின்று இதைப் பார்த்த மாமா, தன் தந்திரம் பலித்துவிட்டதென்று அம்மாவிடம் போய் மீசையை முறுக்கினார். அம்மா அவருக்கு அன்று கூடுதலாக ஒரு துண்டு மீன் வைத்தாள்.

தேர்வுக்கு என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். “இவ என்னத்துக்குட்டி அங்க?” என்று அம்மா கேட்டதற்கு, “எனக்கு ராசி அவதான், வரட்டு” என்றாள். அவள் அதுவரை சொன்ன காரணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மாமாவும் நாங்களும் இரணியலில் ரயிலேறினோம். கம்பெனி வரவேற்பறையில் இருந்த காவலாளி, பிள்ளைகளை உள்ளே விட முடியாது என்று மலையாளத்தில் சொன்னார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். வேலைக்கு வந்தவள் தங்கச்சியை உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுவதைப் பார்த்து மாமா தலையில் அடித்துக்கொண்டார். என் கையை விட்டபோது அவள் கை குளிர்ந்துபோயிருந்தது. அங்கே ஏ.சி. போட்டிருந்தார்கள், அதனால் என்று நினைத்தேன்.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தவள் மாமாவிடம் முதலில் சொன்னதே, “நோட்பேட்ல எழுதட்டான்னு கேட்டேன். செரின்னாரு” என்பதுதான். மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். “சவம், இம்புட்டு சொல்லிக் குடுத்தும் கடைசில துடுப்புதான் கேட்டியா?” என்றவர், அதன்பிறகு ஸ்டேஷன் வரை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

ஆனாலும் அந்த வாரமே போன் வந்தது. அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கேள்வியை வாயாலேயே சொல்லித் தேர்வு வைத்த மனிதருக்கு, அவள் எழுதியது ஓடுகிறதா என்பதில்தான் அக்கறை, எதில் எழுதினாள் என்பதில் இல்லை. மாமா மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்குள், தன் ஐடிஇ வாங்கிக்கொடுத்த வேலை அது என்று பாதி ஊருக்குச் சொல்லி முடித்திருந்தார். குளச்சல்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்ததை அடுத்த வருடம் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, அவளுடைய ஆபீசில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். பார்வையின் நடுவிடம் மட்டும் மங்கிக்கொண்டே போகும் நோய் என்றார் டாக்டர். கண்ணாடி போட்டால் தீராது. கல்லூரிக் கடைசி வருடமே தொடங்கியிருக்கிறது. சொன்னால் வேலை கிடைக்காது என்று அவளுக்குப் பயம். அம்மா அழுதுகொண்டே தன்னைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைவாள் என்பது அதைவிடப் பெரிய பயம். இன்று அவளுடைய கம்ப்யூட்டரே அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறது, அவளும் வேலையில்தான் இருக்கிறாள். ஆனாலும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, துடுப்பா எஞ்சினா என்று பேசித் தீர்த்த எங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று திரும்பி வந்த ரயில்தான் அடிக்கடி நினைவுக்கு வரும். எதிர் இருக்கையில் மாமா கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். வண்டி நிற்கும் இடமெல்லாம், “போர்டுல என்ன எழுதியிருக்கு, வாசி பாப்போம்” என்றாள். நெய்யாற்றின்கரை என்று வாசித்தேன். பாறசாலை என்றேன். குழித்துறை என்றேன். தப்பில்லாமல் வாசித்ததற்குத் தலையைத் தடவிக் கொடுத்தாள். இரணியல் என்று நான் வாசித்தபிறகுதான் எழுந்தாள். எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதில் இந்த அக்காவுக்கு ஏன் இத்தனை ஆசை என்று யோசித்தபடியே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.