மயில் முத்திரை

என் மாமியார் தன் இரண்டு வெள்ளிச் சொம்புகளை மருமகள்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒரே அளவு, ஒரே எடை. ஆனாலும் ஓரகத்தி மல்லிகாவுக்குப் போனதுதான் உசத்தி என்று எனக்குள் ஒரு புகைச்சல்.

அவளுடையதைவிடப் பளபளக்க வேண்டும் என்று என் சொம்பைப் பாப்பாரப்பட்டியில் கொடுத்து மிஷின் பாலிஷ் போட்டு வாங்கினேன். அப்படியும் மனம் ஆறவில்லை. எது உசத்தி என்று கேட்டே விடுவோம் என, அவளையும் இழுத்துக்கொண்டு தர்மபுரியில் பழைய வெள்ளி வாங்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் லென்ஸ் வைத்து அவள் சொம்பின் அடியைப் பார்த்தார்.

"மயில் முத்திரைங்க. சேலத்துப் பழைய பட்டறை வேலை. இதுக்குன்னே தேடி வர்றாங்க."

எனக்கு வயிறு எரிந்தது.

என்னுடையதைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "பாலிஷ் போட்டீங்களா?" என்று கேட்டு, லென்ஸை என்னிடம் நீட்டினார். வழவழவென்றிருந்த அடியில் மயில் தோகையின் நுனி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவை.

"மீதிய மிஷின் தின்னுடுச்சுங்க. இனி இது வெறும் வெள்ளிதான்."

பஸ்ஸில் என் பையையும் மல்லிகாதான் மடியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், உள்ளே அவள் சொம்பு. எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"மல்லிகா, சொம்பு மாறிப் போச்சு."

"மாறலீங்கக்கா, நான்தான் வெச்சேன். உங்களுக்குத்தான் அதுமேல ஆசை. வூட்டுல தண்ணி மொண்டு குடிக்க எனக்கு எதுவா இருந்தா என்ன?"

மயில் இப்போது என் பீரோவில் இருக்கிறது. மல்லிகா மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது எரிவது அதற்காக.